ஜக் றசல் டெரியரும் அதன் வகைகளும்

கிராமபோன் குழலருகே தலையைச் சற்றே சாய்த்து அமர்ந்து, அதிலிருந்து எழும் குரலைக் கேட்கும் வெள்ளை நாயின் படம் பழைய இசைத்தட்டுக்களைக் கண்டோர் யாவரும் அறிந்தது. அந்நாயின் பெயர் நிப்பர். 1895இல் அது இறந்த பின்னர், அதனை வளர்த்த ஓவியர் பிரான்சிஸ் பராட் அப்படத்தைத் தீட்டினார். 1899இல் கிராமபோன் கம்பனி அதனை வாங்கிற்று. நிப்பர் எவ்வினத்தது என வினவினால் பொக்ஸ் டெரியர் என்பர் சிலர். ஜக் றசல் டெரியர் என்பர் வேறு சிலர். கலப்பினம் என்பாரும் உளர். இத்துணை புகழ்பெற்ற ஒரு நாயின் இனத்தைச் சொல்வதிலே இத்துணை கருத்து வேற்றுமை ஏன்? விடை காண, இச்சிறு நாயினத்தின் கதையை அறிதல் வேண்டும்.

டெரியர் என்னும் பெயர் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நிலத்தினுள் புகுந்து வேலை செய்யும் நாய் என்பது பொருள். இங்கிலாந்தின் நரிவேட்டையில் வேட்டைநாய்க் கூட்டம் நரியைத் துரத்தும். நரி வளையினுள் ஒளிந்துகொண்டால் அப்பெரிய நாய்கள் உள்ளே நுழைய மாட்டா. அங்கேதான் டெரியரின் பணி தொடங்கும். இருள் சூழ்ந்த வளைக்குள் தனியே புகுந்து, விடாது குரைத்து, நரியை வெளியேறச் செய்தல் அதன் கடன். நரியைக் கொன்றுவிட்டால் வேட்டை அத்துடன் முடிந்துவிடும். எனவே அஞ்சாமையும் அடக்கமும் ஒருங்கே வேண்டப்பட்டன. மண் படிந்து வெளிவரும் டெரியரை வேட்டைநாய்கள் நரியென மயங்காதிருக்க வெண்ணிறமே விரும்பப்பட்டது.

இத்தகைய நாய்களை வளர்த்தவர்களுள் புகழ்பெற்றவர் ஜோன் றசல் என்னும் அங்கிலிக்கன் பாதிரியார். 1795இல் பிறந்த அவர், ஒக்ஸ்போட்டிலே மாணவராயிருந்த காலத்தில் பால்காரர் ஒருவரிடம் டிரம்ப் என்னும் பெண்நாயை வாங்கினார் என்பர். வெண்மையான அதன் உடலில், கண்களையும் காதுகளையும் சூழ்ந்தும் வாலடியிலும் மட்டுமே பழுப்பு நிறம் காணப்பட்டது. பின்னர் டெவன் மாநிலத்துச் சுவிம்பிரிட்ஜ் ஊரில் நெடுங்காலம் குருப்பணி ஆற்றியவாறே அவர் தம் நாய்களைப் பெருக்கினார். 1873இல் நாய்களுக்கான பதிவுக் கழகமாகிய கெனல் கிளப் தோன்றியபொழுது அதன் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர். 1874இல் பொக்ஸ் டெரியர்க் கண்காட்சியொன்றில் நடுவராகவும் இருந்தார். ஆயினும் தம் நாய்களைக் கண்காட்சிக்கென வளர்த்தாரல்லர். 1883இல் அவர் காலமானார்.

அவருக்குப் பின் இருவழிகள் பிரிந்தன. கண்காட்சி மேடையிலே பொக்ஸ் டெரியர் நீண்ட தலையும் நிமிர்ந்த தோற்றமும் பெற்றுத் தனியழகு கொண்டது. வயல்வெளியிலே வேலை செய்த நாய்களோ, பதிவேடின்றி, வெவ்வேறு உயரத்திலும் வடிவிலும் பெருகின. அவையெல்லாம் ஜக் றசல் என்றே வழங்கப்பட்டன. ஜக் என்பது ஜோன் என்னும் பெயரின் செல்லவடிவம்.

இன்று இரு முதன்மை வகைகள் உள. நெடுங்கால் வகையின் பெயர் பாசன் றசல் டெரியர். பாசன் என்பது பாதிரியாரைக் குறிக்கும். ஆண்நாய் ஏறத்தாழ 36 சென்ரிமீற்றரும் பெண்நாய் 33 சென்ரிமீற்றரும் உயரமுடையன. பிரித்தானியாவில் 1990இல் இவ்வகை ஏற்கப்பட்டு, 1999இல் இன்றைய பெயரைப் பெற்றது. குறுங்கால் வகை அவுஸ்திரேலியாவில் வளர்ச்சியுற்றது. அதன் உயரம் 25 முதல் 30 சென்ரிமீற்றர். உடல் உயரத்தினும் சற்று நீண்டது. இதுவே ஜக் றசல் டெரியர் என்னும் பெயருடன் 2016இல் பிரித்தானியப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ 1997இல் நெடுங்கால் நாய்க்கே ஜக் றசல் என்ற பெயர் வழங்கப்பட்டது. 2003இல் அது பாசன் றசல் என மாறிற்று. குறுங்கால் நாய் 2012இல் றசல் டெரியர் என ஏற்கப்பட்டது. கடலைக் கடந்தால் நாய் மாறுவதில்லை, பெயர் மாறுகிறது.

உரோமத்தாலும் வேறுபாடு உண்டு. வழவழப்பானது, முரடானது, இரண்டிற்கும் இடைப்பட்டது என அது மூவகைப்படும். இவை தனியினங்களல்ல, ஒரே ஈற்றுக் குட்டிகளுள்ளும் கலந்து காணப்படும். ஆனால் எவ்வகைக்கும் பொதுவான சோதனை ஒன்றுண்டு. முன்கால்களுக்குப் பின்புறத்தே நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடிக்க இயலவேண்டும். நெஞ்சு பருத்த நாய் நரிவளையில் சிக்கிக்கொள்ளும் என்பதே காரணம். இன்றும் கண்காட்சி நடுவர்கள் இவ்வாறு பிடித்துப் பார்க்கின்றனர்.

பதிவேடு நன்மை தருமா என்பது ஓயாத வாதம். 1976இல் அமெரிக்காவில் அமைந்த ஜக் றசல் சங்கம், கெனல் கழகத்தின் அங்கீகாரத்தை எதிர்த்தது. அழகுக்காகத் தெரிந்தெடுத்தால் தொழிற்றிறன் குன்றும் என்பதும், மூடிய பதிவேட்டினால் இரத்த உறவு நெருங்கி நோய் மிகும் என்பதும் அதன் வாதம். ஆதலால் அது குட்டிகளைப் பிறந்தவுடன் பதிவதில்லை. வளர்ந்த நாயைத் தனித்தனியே பரிசோதித்தே ஏற்கிறது. மறுபக்கத்தாரோ, பதிவின்றேல் எக்கலப்பு நாயும் இப்பெயரில் விற்கப்படும் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால் நோய் பெயரைப் பார்த்து வருவதில்லை. கண்வில்லை தன்னிடத்தினின்றும் நழுவிப் பார்வையைக் கெடுக்கும் பரம்பரை நோயொன்று இவ்விரு வகைகளிலும் உண்டு. அதனைக் கடத்தும் நாய்களை மரபணுச் சோதனையால் இன்று கண்டறியலாம். அத்தகைய இரண்டை இணைசேர்த்தால், பிறக்கும் குட்டிகளுட் சில பார்வையை இழக்க நேரிடும். வளர்ப்போர் முதலிற் கேட்க வேண்டியது இச்சோதனையின் முடிவையே.

குணமும் அவ்வாறே. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் இங்கிலாந்திலும் வேல்சிலும் பழைய நரிவேட்டை தடைசெய்யப்பட்டது. வேலை போயிற்று, இயல்பு போகவில்லை. கால் நீண்டதாயினும் குறுகியதாயினும் இந்நாய் தோண்டும், குரைக்கும், ஓடுவதைத் துரத்தும். சிறிய உருவத்தைக் கண்டு மடிநாயெனக் கருதி வாங்குவோர், தோட்டம் குழியாகும்பொழுது அதனைக் கைவிடுவதுமுண்டு. பிழை நாயினதன்று. எவ்வகையை வாங்கலாம் எனத் தேர்வதற்கு முன், இதன் முன்னோர் எப்பணிக்கெனப் பழக்கப்பட்டனர் என்பதை அறிந்துகொள்வோர் இல்லத்திலே இந்நாயும் நலமாக வாழும், வீட்டாரும் மகிழ்ந்திருப்பர்.