பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டியையும் காக்கும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு இத்தனை ஊசி? போட்டா ராத்திரி பூரா அழுவுது. மறுநாள் வேலைக்குப் போக முடியல." கேட்டது நியாயம்தான். ஒரு நாள் கூலி போனா என்ன கஷ்டம்னு நமக்குத்தானே தெரியும். ஆனா அந்த ஊசி பிள்ளையோட நிக்கிறதில்லை. திண்ணையில் படுத்திருக்கிற மாமியாரையும் சேர்த்துக் காக்குது. எப்படின்னு சொல்றோம்.

நிமோனியா என்கிற நுரையீரல் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ். இது சின்னப் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். பிள்ளை பாட்டுக்கு ஓடி விளையாடும். ஆனா தும்மும்போதும் இருமும்போதும் பக்கத்தில் இருப்பவரிடம் கிருமி போய்ச் சேரும். பிள்ளையைத் தூக்கி வெச்சுக்கிறது யாரு? மூக்கைத் துடைச்சு விடுறது யாரு? பாட்டிதானே! வயசான உடம்பு அந்தக் கிருமியைத் தாங்காது.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு இந்தக் கிருமிக்கான புது ஊசியைக் கைக்குழந்தைகளுக்குப் போட ஆரம்பிச்சாங்க. வயசானவங்களுக்கு அந்த ஊசி போடலை. ஆனாலும் 2007-க்குள், அந்த ஊசி தடுக்கும் 7 வகைக் கிருமிகளால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வந்த கடுமையான நோய் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைஞ்சுபோச்சு. பிள்ளை மூக்கில் அந்தக் கிருமி தங்கலை, அதனால் பாட்டிக்கும் போகலை.

ஒண்ணை மறைக்கக் கூடாது. இந்தக் கிருமியில் 90-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எல்லாத்தையும் ஊசி தடுக்காது. வீட்டுப் பெரியவங்களுக்குக் காய்ச்சலோட மூச்சு வாங்கினா, கஷாயம் வெச்சுக் கொடுத்துப் பார்த்துக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடணும்.

நம்ம தமிழ்நாட்டில் இந்த ஊசி 2021 முதல் அரசு மூலம் இலவசமாகக் கிடைக்குது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என மூணு தடவை. முதல் ரெண்டையும் எப்படியோ போட்டுடறோம். தாய் வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் ஒன்பதாம் மாத ஊசி விட்டுப்போகுது. பாதுகாப்பை நீடிக்க வைக்கிறதே அந்த மூணாவது ஊசிதான். வேலையை விட முடியாதவங்க, அட்டையை மாமியார் கையில் கொடுத்துப் பிள்ளையை அனுப்புங்க. அவங்களுக்கும் லாபம்தானே!

அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் புத்தகத்தோட தடுப்பூசி அட்டையையும் எடுத்துட்டு வாங்க. விட்டுப்போன பிள்ளைகளின் பெயரை எழுதி நர்சம்மாகிட்ட கொடுப்போம்.