கையெழுத்துக்கு முன்னே
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வேலைக்குப் போய்வர முதல் கார் வாங்கினப்போ, ஷோரூம்காரர் நீட்டிய பட்டியலுக்கெல்லாம் தலையாட்டினேன். அடிப்பக்கக் கோட்டிங், பாலிஷ், இன்சூரன்ஸ் எல்லாம் கடனிலேயே சேர்ந்தது. 5 வருஷம் அதற்கும் வட்டி கட்டினேன்.

இரண்டாவது காருக்கு மனைவியும் வந்தாள். "இதெல்லாம் இல்லாட்டி வண்டி ஓடாதாங்க?" என்று கேட்டாள். அவரிடம் பதில் இல்லை.

இன்சூரன்ஸ் கட்டாயம்தான், எங்கே எடுப்பது என்பது நம்ம இஷ்டம். பம்பர் கார்டை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. மோதும்போது ஏர்பேக் வேலையையும் கெடுக்கலாம். துருத்தடுப்பு ஆலையிலேயே செய்து வருகிறது. நம்ம ஊர் கடலோரமும் இல்லை. சிமெண்ட் லாரிப் புழுதிக்குத் தண்ணீரும் துணியும் போதும். கூடுதல் வாரண்டி மட்டும், நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்கினோம்.

ஒவ்வொரு வரிக்கும் தனி விலை கேளுங்க; மறுநாள் கையெழுத்துப் போடுங்க.