கணனியும் நம் இல்லமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்திய உரை)



கணனியைப் பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் பணித்தார். இளைஞர் அதனைப் புகழ்வர், முதியோர் அதனை இகழ்வர், கூட்டம் கலகலப்பாய் இருக்கும் என்று எண்ணினாரோ அறியோம். நாம் இரண்டையும் செய்யப்போவதில்லை. எமது வீட்டிலே நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லவே வந்தோம்.

இன்று நம்மிற் பலருடைய குடும்பம் கைத்தொலைபேசிக்குள்ளேதான் ஒன்றுகூடுகிறது. தோட்டத்திலே அம்மா, கொழும்பிலே மென்பொருட் கம்பனியொன்றில் அண்ணன், கட்டாரிலே மாமா, பேராதனையிலே நாம். கலிபோர்னியாவிலே காலை ஒன்பது மணிக்குக் காரியாலயம் திறக்கும்போது இங்கே இரவு ஒன்பதரையோ பத்தரையோ ஆகிவிடும். அப்பொழுதுதான் அண்ணனுக்கு வேலை மும்முரம். ஒரே பாயில் அமர்ந்து உண்டவர்கள் இப்போது வட்ஸ்அப்பிலே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்கிறோம். இதிலே குறைகூற ஒன்றுமில்லை. கேட்பதற்காவது ஒரு வழி இருக்கிறதே!

சென்ற வருடம் மழைக்காலத்திலே ஒரு வெள்ளிக்கிழமை மாலை, புசல்லாவைக்குச் செல்லப் பஸ் ஏறினோம். கம்பளையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் வீதிக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து, வாகனங்கள் வரிசையாய் நின்றுவிட்டன. "வழியில நிக்கிறேன், லேட்டாகும்" என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பினோம். மொழி தமிழ்தான், எழுதிய எழுத்தோ ஆங்கிலம். மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு அந்த இருபத்தாறு எழுத்துக்களே விரலுக்குப் பழக்கம். அதிலே கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்?

அம்மா தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஞாயிறு வீரகேசரியை விளம்பரம் விடாமல் வாசிப்பார். ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆகவே அடுத்த காம்பராப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நாம் எழுதும் ஆங்கிலத் தமிழிலே லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றேயல்லவா? பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தது இப்படி: "வலியில நிக்கிறேன்."

அம்மா எம்மை அழைத்துப் பார்த்தாராம். எமது தொலைபேசியோ பற்றரி தீர்ந்து செத்துக் கிடந்தது. அடுப்பை அணைத்தார், முச்சக்கரவண்டி பிடித்தார், மழையோடு மழையாய் வந்து மரத்தின் மறுபக்கத்தில் இறங்கினார். கிளைகளுக்குள் நுழைந்து வந்து, நின்ற பஸ்களையெல்லாம் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்திருக்கிறார். எம்மைக் கண்டதும் கேட்டது ஒன்றே:

"எங்கப்பா வலிக்குது?"

அன்று அவருடைய அரைநாட் கூலி முச்சக்கரவண்டிக்குப் போயிற்று. பஸ்ஸிலிருந்தவர்கள் விஷயமறிந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கணனிக்குத் தமிழ் வராது என்று சாக்குச் சொல்லலாமோ? அதற்கும் இடமில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிலே பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா, கணனி பிறப்பதற்கு முன்னரே தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தார். மலேசியாவிலே முத்து நெடுமாறன் 1985இலே முரசு மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1995இலே தமிழை இணையத்தில் ஏற்றினார். சென்னையிலே 1999இல் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இவர்களிற் பலர் நம்மைப் போலக் கடல்கடந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் என்பதைக் கவனியுங்கள்.

இடையிலே பெரிய குழப்பமும் இருந்தது. பாமினி எழுத்துருவிலே ஒருவர் தட்டிய கடிதத்தை, அவ்வெழுத்துரு இல்லாத கணனியிலே திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். பெரியோர் சிலருக்கு இது நினைவிருக்கும். அந்தத் தொல்லையைத் தீர்த்தது யுனிகோட். அதன் முதற்பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது. கணனி எந்த மொழியையும் எண்ணாகவே அறியும். யுனிகோட்டிலே அகரம் 2949, மகரம் 2990, மெய்யின் குற்று 3021, அரவு 3006. ஆகவே "அம்மா" என்று நாம் எழுதினால் 2949, 2990, 3021, 2990, 3006 என்ற ஐந்து எண்களே புறப்பட்டுப் போகின்றன. கட்டாரிலும் அவை அம்மாதான், புசல்லாவையிலும் அம்மாதான். லகரத்துக்கும் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் வெவ்வேறு எண் உண்டு. வழி ஒருபோதும் வலியாகாது.

இத்தனையும் நமது சட்டைப்பையிலே ஆயத்தமாய் இருக்க, தேடி எடுத்து வைக்க ஐந்து நிமிடம் நாம் செலவிடவில்லை. அதுதான் உண்மை.

மறுநாளே அம்மாவின் தொலைபேசியிலே தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தோம். கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் ஒவ்வோரெழுத்தாய்த் தேடித் தேடி, கால்மணி நேரம் எடுத்து, பக்கத்தில் இருந்த எமக்கே ஒரு செய்தி அனுப்பினார்: "கண்டிக்குப் போனா ஒரு குடை வாங்கு." இப்போது அண்ணனுக்கு நள்ளிரவிலே அவரிடமிருந்து செய்தி போகிறது, தூங்கச் சொல்லித்தான்.

எமது நண்பர் மூவர் வரும் ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்ததும் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருப்பார்கள். தொலைபேசியிலே தமிழ் வேண்டுவோர்க்கு அமைத்துக் கொடுத்து, எழுதவும் காட்டித் தருவார்கள். தாய்மார்களும் பெரியவர்களும் தயங்காது வாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.