வந்த நாயைத் திட்டாதீங்க

காரமடைப் பக்கம் காலையில நாயைக் கூட்டிக்கிட்டு இட்டேரியில நடக்கிறவங்களுக்கு இன்னைக்கு ஒரு தகவல்.

சங்கிலியை அவுத்து விட்டாச்சு. மயிலைப் பார்த்ததும் நாய் பாய்ஞ்சு ஓடுது. மயிலுக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோட பாதுகாப்பு இருக்கு. நாய்க்கு அது தெரியுமா? நீங்க கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போச்சு. ஒருவழியா அது திரும்பி வருது. வந்ததும் முதுகில ஒண்ணு வைக்கிறோம். ஓடினதுக்கு அடின்னு அதுக்குப் புரியாது. வந்ததுக்கு அடின்னுதான் புரியும். அடுத்த தடவை வருமா?

எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாலும் சரி, வந்த நாயைத் திட்டாதீங்க.

வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டீங்கன்னா, கூப்பிடறதே கட்டிப்போடத்தான்னு அது கண்டுபிடிச்சிரும். நடுநடுவே கூப்பிடுங்க. வந்தா, அவிச்ச முட்டையில ஒரு துண்டு. தட்டிக் கொடுத்து மறுபடி விளையாட விடுங்க. பழகுற வரைக்கும் நீளமான கயிறு ஒண்ணு இருக்கட்டும்.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குக் கண்ணுதான் எல்லாம். ஓட ஆரம்பிச்சா காது கேக்காதுன்னே வெச்சுக்கோங்க. காதை விடைக்கும்போதே கூப்பிட்டுரணும்.

மலையடிவாரத்துல மட்டும் கயித்தை அவுக்கவே வேண்டாம். அங்க சிறுத்தையும் யானையும் நடமாடுது. யானையைப் பார்த்துக் குரைக்கிற நாய், பயந்துட்டா உங்ககிட்டதான் ஓடி வரும். பின்னாலயே யானையும் வரும். அன்னைக்கு மட்டும் கூப்பிடாமலே வந்துரும்!