அளவே காவல்: சங்கிலி ரம்பமும் நம் பாதுகாப்பும்

(ஜாசின் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலாக்கா மாநிலத்திற்கும் ரப்பர் மரத்திற்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதே இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்டதன் தொடக்கமாகும். அதன் பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் ஒன்றும் அவர் முயற்சியால் உருவாயிற்று. அன்று முதல் நட்ட மரம் முதிர்வதும், முதிர்ந்த மரம் சாய்க்கப்படுவதும், அவ்விடத்தில் புதிய கன்று எழுவதும் நம் கண்முன் நடந்து வருகின்றன. ஏறத்தாழ 25 அல்லது 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் மறு நடவுக்காக வெட்டப்படுகிறது. முன்பு அந்தக் கட்டை புகைக் கூடத்து விறகாயிற்று. இன்றோ மேசை, நாற்காலி செய்வதற்கு உரிய மதிப்புள்ள மரமாகிவிட்டது.

கோடரியும் இருவர் இழுக்கும் வாளும் செய்த வேலையை இன்று நாம் ‘செயின்சோ’ என்று வழங்கும் சங்கிலி ரம்பம் செய்கிறது. அது மனிதனின் உழைப்பைக் குறைத்தது. ஆனால் அபாயத்தைக் குறைக்கவில்லை. மரத்தை எவ்வாறு சாய்ப்பது என்று நான் இன்று பேசப் போவதில்லை. மரத்தின் அருகே செல்லும் முன்னர், ரம்பத்தின் உறுப்புகளை எவ்வாறு அளந்து பார்த்துப் பேணுவது என்பதே என் பொருள். ரம்பத்தால் நேரும் காயங்களில் பல, காட்டில் தொடங்குவதில்லை; பட்டறையில் அளக்காமல் விட்ட அரை மில்லிமீட்டரில் தொடங்குகின்றன.

அளவு நமக்குப் புதிதன்று

பால் வெட்டும் தொழிலாளிக்கு அளவைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டு மரத்தில் வெட்டுக்கோடு 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கத்தி ஆழமாகச் சென்று உட்பட்டையைக் காயப்படுத்தினால் மரம் கெடும். மேலோடு சென்றால் பால் வராது. இடையில் உள்ள ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில்தான் நம் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. இருட்டு விலகாத வேளையில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறாமல் காத்து வந்த கைகள் நம்முடையவை. அதே கவனத்தைச் சங்கிலி ரம்பத்திற்கும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கடைக்குச் செல்லுமுன் நான்கு அளவுகள்

பழைய சங்கிலி தேய்ந்து போனால், ஜாசினிலோ அலோர் காஜாவிலோ கடைக்குச் சென்று, “செயின்சோவுக்கு ஒரு சங்கிலி கொடுங்கள்” என்று கேட்பது போதாது. நான்கு அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்ல வேண்டும்.

முதலாவது, கண்ணி இடைவெளி. சங்கிலியில் அடுத்தடுத்துள்ள மூன்று ஆணிகளை எடுத்துக்கொண்டு, முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாம் ஆணியின் நடுவரை அளந்து, அதை இரண்டால் வகுக்க வேண்டும். 19 மில்லிமீட்டர் வந்தால், பாதி 9.5, அது எட்டில் மூன்று அங்குலச் சங்கிலி. 16.5 வந்தால், பாதி 8.25, அது 0.325 அங்குலச் சங்கிலி.

இரண்டாவது, பாரின் காடிக்குள் ஓடும் இயக்கு கண்ணியின் தடிப்பு. இது பெரும்பாலும் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்னும் அளவுகளில் ஒன்றாக இருக்கும். மூன்றாவது, அந்த இயக்கு கண்ணிகளின் எண்ணிக்கை. நான்காவது, பாரின் நீளம். பல பார்களின் அடிப்பகுதியில் இவ்வளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

சங்கிலி, பார், அதை ஓட்டும் பற்சக்கரம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மெல்லிய சங்கிலியை அகன்ற காடியில் மாட்டினால் அது பக்கவாட்டில் சாய்ந்து கோணலாக வெட்டும். கண்ணி இடைவெளி பொருந்தாவிட்டால் சங்கிலி பற்சக்கரத்தின் மேலேறி விரைவில் தேயும், அறுந்தும் போகலாம். முழு வேகத்தில் அறுபட்ட சங்கிலியின் துண்டு, துப்பாக்கிக் குண்டைப் போலப் பறந்து செல்லும்.

கைவைக்கும் முன்

அளப்பதாயினும் அரம் போடுவதாயினும் முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அது சூடு ஆற வேண்டும். பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். கையுறை அணிய வேண்டும். நின்று கிடக்கும் சங்கிலியும் கையைக் கிழிக்கும். ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அரம் போடும் பழக்கம் கூடவே கூடாது. பாரை வைஸ் கொண்டு இறுக்கிப் பிடித்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

பல்லைத் தீட்டும் முறை

இக்காலச் சங்கிலியின் பல் பிறந்த கதை சுவையானது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம் வெட்டும் தொழிலாளி, மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தை அரிந்து செல்வதைக் கண்டார். அதைப் பின்பற்றி இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி அமைந்த சங்கிலியை உருவாக்கினார். நாம் இன்று பயன்படுத்துவது அந்த வழியில் வந்ததே. ஆகவே இடப்பற்களும் வலப்பற்களும் ஒரே நீளமும் ஒரே கூர்மையும் உடையனவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மழுங்கினால் வெட்டு ஒரு பக்கமாக வளையும். வளைந்த வெட்டில் பார் சிக்கிக்கொள்ளும்.

முதலில் எல்லாப் பற்களையும் பார்த்து, மிகக் குட்டையான பல்லைக் கண்டறியுங்கள். மற்றப் பற்களை அதன் நீளத்திற்குக் கொண்டுவர வேண்டும். உருண்டை அரத்தின் குறுக்களவும் சங்கிலிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம் வழக்கம். எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு, அதைச் செய்த நிறுவனத்தின் குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே திசையில் தள்ள வேண்டும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். அரத்தின் குறுக்களவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். சாய்வு பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகை. இது நம் வெட்டுக்கோட்டின் சாய்வேதான்; நம் கண் இதற்குப் பழகியிருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் எத்தனை தள்ளு என்று எண்ணிக்கொண்டு, எல்லாவற்றிற்கும் அதே எண்ணிக்கை கொடுங்கள். பல்லின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும், பல்லில் பொறித்த தேய்வுக் குறி எட்டினாலும், அந்தச் சங்கிலியை ஒதுக்கிவிட வேண்டும்.

கூர்மையை அறிய ஓர் எளிய வழி உண்டு. வெட்டும்போது மரம் செதில் செதிலாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவு போலத் தூளாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை உடல் வலுவால் அழுத்தி ஓட்டுகிறவர் விரைவில் களைப்படைவார். களைத்த கை தவறும்.

ஆழத்தை வரையறுக்கும் சிறு பல்

வெட்டும் பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் ஒரு முறையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுப்பது அதுவே. வெட்டும் பல்லின் உயரத்திற்கும் இம்மேட்டின் உயரத்திற்கும் இடையே இருக்க வேண்டிய வேறுபாடு, பொதுவாக 0.65 மில்லிமீட்டர். நம் பால் கத்திக்கு உட்பட்டை எப்படியோ, அப்படியே இச்சங்கிலிக்கு இம்மேடு.

பல்லைத் தீட்டத் தீட்ட அது தாழ்கிறது, வேறுபாடு குறைகிறது, ரம்பம் மரத்தைக் கடிக்காது. அதனால் மூன்று முறை தீட்டியபின் ஒரு முறை, அதற்கென விற்கப்படும் அளவுத் தகட்டைச் சங்கிலியின்மேல் வைத்து, தகட்டுக்கு மேலே தெரியும் பகுதியைத் தட்டை அரத்தால் தேய்த்து, முன் விளிம்பை மீண்டும் உருட்டிவிட வேண்டும்.

சிலர் வேகமாக வெட்ட வேண்டும் என்ற ஆசையில் தகடு இல்லாமல், கண்ணளவில் அம்மேட்டை மிகுதியாகத் தேய்த்துவிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அப்போது பல் மரத்தை மிக ஆழமாகக் கடிக்கிறது, ரம்பம் குதிக்கிறது. பாரின் நுனியின் மேல் காற்பகுதி கிளையிலோ கட்டையிலோ பட்டால், பார் மேல்நோக்கி, வெட்டுபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். கண் இமைக்கும் நேரத்திற்குள் நடந்துவிடும் செயல் அது. கையால் தடுக்க இயலாது. முன்கைப் பிடிக்கு முன்னால் உள்ள கைக்காப்பைத் தள்ளினாலும், எகிறும் அதிர்ச்சியாலும், சங்கிலியை நிறுத்தும் பிரேக் அதற்காகவே அமைந்தது. அந்தப் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் சோதிக்க வேண்டும். முடுக்கியை விட்டவுடன் சங்கிலி நின்றுவிட வேண்டும். நில்லாமல் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ரம்பத்தை எடுத்துச் செல்லக்கூடாது.

இழுவை, பார், எண்ணெய்

சங்கிலியின் இழுவையைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். ஆயினும் கையுறை அணிந்த கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். தளர்ந்த சங்கிலி கழன்று வலக்கையைத் தாக்கும். மிக இறுக்கமான சங்கிலி பாரைத் தேய்க்கும். வேலையில் சூடேறிய சங்கிலி நீளும். அதை இறுக்கி வேலை செய்திருந்தால், முடிந்தவுடன் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் குளிர்ந்து சுருங்கும்போது இயந்திரத்தின் அச்சுக்குக் கேடு வரும்.

பாரின் காடியையும் எண்ணெய்த் துளையையும் நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இருபக்கமும் ஒன்றுபோலத் தேயும். பற்சக்கரத்தில் சங்கிலி அரித்த பள்ளம் அரை மில்லிமீட்டர் ஆனால் அதை மாற்ற வேண்டும். புதிய சங்கிலியைத் தேய்ந்த சக்கரத்தில் மாட்டுவது காசை வீணாக்குவதே.

ரப்பர் மரத்திற்கென்றே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. வெட்டும்போது வடியும் பால் சங்கிலியிலும் காடியிலும் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அதை அன்றன்றே அகற்றாவிட்டால் எண்ணெய் செல்லும் வழி அடைபடும். மற்றொன்று, மங்கு தொங்கவிட்ட கம்பியும், பால் வடிந்த தகரமும். பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய கம்பி மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் மறைந்துவிடும். சங்கிலி அதில் பட்டால் ஒரு நொடியில் பல் உடையும். எனவே அடிமரத்தைச் சுற்றிப் பார்த்து, கம்பியைக் கழற்றிய பின்னரே ரம்பத்தை வைக்க வேண்டும். கம்பியில் பட்டுவிட்டால், உடனே நிறுத்திப் பல்லையும் ஆணியையும் சோதிக்க வேண்டும்.

உடலுக்கும் ஓர் அளவு உண்டு

2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது எல்லை. ஓடும் சங்கிலி ரம்பம் 100 டெசிபெல்லைத் தாண்டும். ஆகவே காதுக்காப்பு அணியாமல் அதைத் தொடக்கூடாது. தலைக்கவசம், முகவலை, சங்கிலி பட்டால் தடுக்கும் காற்சட்டை, காலணி ஆகியனவும் அவ்வாறே. நெடுநேர அதிர்வினால் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதும் உண்டு. தேய்ந்த அதிர்வுத் தடுப்பு ரப்பர்களை மாற்றாமல் விடுவது அந்நோயை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சட்டமும் நம் கடமையும்

“அரை மணி நேரம் அரம் போட்டால் எத்தனை மரம் குறையும்? கணக்கில் கூலி குறையுமே!” என்று நீங்கள் கேட்கலாம். மரக் கணக்கில் கூலி பெறுகிறவரின் கவலை நியாயமானதே. ஆனால் மழுங்கிய சங்கிலியோடு நாள் முழுதும் போராடுவதால் இழக்கும் நேரம் அந்த அரை மணியைவிட அதிகம். ஒரு விபத்தினால் இழப்பதோ கணக்கில் அடங்காதது.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான கருவியையும் பயிற்சியையும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. தரப்பட்ட காப்பு உடைகளை அணிவது தொழிலாளியின் கடமை என்கிறது. 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிரிவுகளின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். பிரேக் இல்லாத ரம்பத்தைக் கையில் கொடுத்தால், “இதைச் சரிசெய்து தாருங்கள்” என்று கேட்பது அடாவடித்தனமன்று, உரிமை. வேலையில் காயம் பட்டால் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ உதவி பெறவும் வழியுண்டு. குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்கள், தங்கள் பெயர் சொக்சோவில் பதிவாகி இருக்கிறதா என்று இன்றே கேட்டறிய வேண்டும்.

நண்பர்களே, நாளைக் காலை பெரட்டு முடிந்து காட்டுக்குள் செல்லுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரேக், முடுக்கி, சங்கிலியின் இழுவை, பல், எண்ணெய் ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். அளவுத் தகடும் அரமும் ரம்பத்தோடு ஒரே பையில் இருக்கட்டும். இளைஞர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, அளக்கும் முறையை அவருக்கும் கற்றுக்கொடுங்கள். மரம் விழுந்தால் மீண்டும் நடலாம். மனிதனின் கை போனால் நடுவதற்கு வழியில்லை.