நரி படுத்திருக்கு, கழுகு காத்திருக்கு

1606 வாக்கில் லண்டன் குளோப் தியேட்டரில் மேடையேறிய ஒரு காமெடி பத்தி இன்னைக்குப் பேசலாம். ஷேக்ஸ்பியர் இல்ல, அவர் காலத்துக்காரர் பென் ஜான்சன் எழுதியது. பேரு ‘வோல்போனே’. இத்தாலிய மொழியில் நரி.

கதை வெனிஸ்ல நடக்குது. வோல்போனே பெரிய பணக்காரர், வாரிசு இல்லை. காலையில் எழுந்ததும் சாமி கும்பிடற மாதிரி தங்கத்தைக் கும்பிடுவார். அப்புறம் போர்வைக்குள்ள புகுந்து, சாகக் கிடக்கிற மாதிரி இருமுவார். அவரோட கையாள் மோஸ்கா, அதாவது ஈ, வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் “சொத்து உங்களுக்குத்தான்”னு ஓதுவான். அவ்ளோதான் பிசினஸ். வெள்ளித் தட்டு, முத்து, காசுப் பைன்னு பரிசு வந்து குவியுது.

இதில் கோர்பாச்சோன்னு காது கேட்காத ஒரு கிழவர். நோயாளியா நடிக்கிறவரை விட இவர் உடம்புதான் மோசம்! ஆனா சொந்த மகனை ஒதுக்கிட்டு வோல்போனே பேருக்கு உயில் எழுதுறார். அந்தாளு முந்திப் போயிடுவார், எல்லாம் திரும்ப வந்துடும்னு கணக்கு.

கோர்வினோன்னு ஒரு வியாபாரி. பொண்டாட்டி செலியா ஜன்னல் பக்கம் நின்னாலே சந்தேகப்படுற ஆளு. சொத்து கிடைக்கும்னதும் அவளையே நோயாளியோட கட்டிலுக்கு இழுத்துட்டு வர்றான். அவ கெஞ்சுறா. அதுவரை வோல்போனேயோட சேர்ந்து சிரிச்சிட்டிருந்த நமக்கு இங்கே சிரிப்பு நின்னுடும். அவளைக் காப்பாத்துறது அந்தக் கிழவரோட மகன் பொனாரியோ. ஆனா கோர்ட்டில் மாட்டிக்கிறது அவங்க ரெண்டு பேரும்தான், ஏன்னா எதிர்ப்பக்கம் பேசுறதே பரிசு கொடுத்துட்டுக் காத்திருக்கிற ஒரு வக்கீல்.

எனக்குப் பிடிச்ச அடி இதுக்கப்புறம்தான் விழுது. வோல்போனே செத்துட்டதா புரளி கிளப்பி, மோஸ்காவை வாரிசாக்குறார். மோஸ்கா கோர்ட்டுக்கு வந்ததும் நீதிபதிகளில் ஒருத்தர், நம்ம பொண்ணுக்குப் பொருத்தமான மாப்பிள்ளையாச்சேன்னு மனசுக்குள்ள யோசிக்கிறார்! விசாரணை நடந்துட்டிருக்கும்போதே.

மோஸ்கா சொத்தைத் திருப்பித் தர மாட்டேன்னதும், வோல்போனே வேஷத்தைக் கலைச்சுடுறார். தீர்ப்பைப் பாருங்க: வேலைக்காரன் மோஸ்காவுக்குச் சவுக்கடி, ஆயுள் முழுக்கக் கப்பலில் துடுப்பு போடணும். வோல்போனே நல்ல குடும்பத்து ஆளாம், அதே தண்டனை கொடுக்க முடியாதாம். அவரோட சொத்து ஆஸ்பத்திரிக்கு. நிஜமாவே நோயாளி ஆகுற வரை சிறையில் விலங்கு.

கடைசியில் வோல்போனே மேடைக்குத் திரும்பி வந்து, காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்தவங்ககிட்ட கைதட்டு கேட்கிறார்.