இருபுறமும் பார்க்கும் சாளரம்



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தோன்றியது. இவ்வாறு நம் தென்புறநகர்ப் பகுதியின் கல்வி இருப்புப்பாதையை ஒட்டியே வளர்ந்தது. படிப்பது என்றால் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்துக்குப் போவது என்பதுதான் பொருள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்த இரயில் நின்றது. பள்ளிகளின் கதவுகளும் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை பயின்ற குழந்தைகள் மீண்டும் வகுப்பறையில் கால் வைத்தது 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான். ஏறத்தாழ 19 திங்கள்! அந்நாளில் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும், கைப்பேசி வழியாகவும், வீட்டுக் கணினி வழியாகவும் பாடங்கள் வந்தன. இன்று இரயிலும் ஓடுகிறது, பள்ளியும் நடக்கிறது. ஆயினும் இணையவழிக் கல்வி நம்மை விட்டுப் போய்விடவில்லை. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இன்று எந்த ஊரில் இருப்பவரும் கேட்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் இணைய வழியிலேயே பட்டப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. ஆகவே, வீட்டுக் கணினியின் உலாவியைக் கல்விக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்வது எப்படி என்பதை அறிந்திருப்பது ஒவ்வொரு மாணவருக்கும் தேவையாகிறது.

உலாவி என்பது யாது? இணையத்தில் உள்ள பக்கங்களைக் கொண்டுவந்து திரையில் விரித்துக் காட்டும் மென்பொருள். ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் 1990இல் முதல் உலாவியைச் செய்தார். 1993 ஏப்பிரல் 30ஆம் நாள், அந்த வலைத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்டு 15ஆம் நாள். இன்று குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி எனப் பல உலாவிகள் உள்ளன. எதை எடுத்தாலும் நான் கூறப்போவது பெரும்பாலும் பொருந்தும்.

இங்கே ஓர் உண்மையை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது வானொலி கேட்கிறீர்கள். நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், கேட்டுக்கொண்டே என்ன செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. உலாவியின் இயல்பு வேறு. அது இருபுறமும் பார்க்கும் சாளரம். நீங்கள் பாடத்தைப் பார்க்கும்போது, பாடம் வரும் இடமும் உங்களைப் பார்க்கக்கூடும். எனவே உலாவியை அமைப்பது என்றால், உள்ளே எது வரவேண்டும் என்பதோடு, வெளியே எது போகலாம் என்பதையும் முடிவு செய்வதாகும். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

முதலாவது, உலாவி புதுப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டரசு 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அக்காலத்துக் கணினிகள் சில இன்னும் வீடுகளில் உழைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 7 உள்ள கணினிக்குக் குரோம் உலாவி 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து புதுப்பிப்பு அளிப்பதில்லை. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. புதுப்பிக்கப்படாத உலாவி தாழ்ப்பாள் துருப்பிடித்த கதவு போன்றது. வேண்டியவர் வரத் திறவாது, வேண்டாதவர் வந்தால் தடுக்காது. அத்தகைய கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் என்னும் இலவச இயக்குதளத்தை அதில் நிறுவினால் பயர்பாக்ஸ் போன்ற புதிய உலாவி அதில் ஓடும்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. நம் வீடுகளில் கணினி ஒன்று, பயன்படுத்துவோர் நால்வர். தந்தையின் வங்கிக் கணக்கு, அக்காளின் கல்லூரி, தம்பியின் ஆறாம் வகுப்பு எல்லாம் ஒரே உலாவியில் நடக்கின்றன. சேலையூரில் எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் 2021இல் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி நாள்தோறும் தவறாமல் வகுப்பில் அமர்ந்தான். ஆனால் உலாவி அக்காளின் பெயரைச் சொல்லியே அவனை உள்ளே அனுப்பியது. வருகைப் பட்டியலில் ஒரு வாரம் முழுதும் அவன் வராதவன் ஆனான். பையன் அழுத அழுகையைக் கேட்ட பிறகுதான் காரணம் தேடினார்கள். உலாவியில் சுயவிவரம் என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு சுயவிவரம் அமைத்தால் பெயர், கடவுச்சொல், புத்தகக்குறி யாவும் தனித்தனியே நிற்கும். ஆனால் அது பூட்டு அன்று. ஒருவர் மற்றவருடைய சுயவிவரத்தை எளிதில் திறந்துவிடலாம். கணினியிலேயே ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்வது அதனினும் நன்று.

மூன்றாவது, காமிராவும் ஒலிவாங்கியும். வகுப்பில் நுழையும்போது இவற்றைப் பயன்படுத்தலாமா என்று உலாவி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால், பின்பு ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தாலும் உங்கள் குரல் அவருக்கு எட்டாது. முகவரியின் இடப்பக்கத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் அந்த அனுமதியை மாற்றலாம். அப்போதும் கேட்கவில்லையெனில், கணினியின் அமைப்புகளிலும் அனுமதி உண்டா என்று பாருங்கள். காவல் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. இரண்டும் இசைந்தால்தான் வழி. வகுப்பு நடக்கும் தளம் ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வேறு எந்தப் பக்கம் கேட்டாலும், உன் வேலைக்குக் காமிரா எதற்கு என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொண்டு விடை சொல்லுங்கள்.

நான்காவது, அறிவிப்புகள். பற்பல தளங்கள் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்கும். கணக்குப் பாடத்தின் நடுவே திரையின் மூலையில் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கை எட்டிப் பார்த்தால் மனம் எங்கே நிற்கும்? அமைப்புகளில் அறிவிப்புகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட்டுப் பள்ளிக்கு மட்டும் விலக்கு அளியுங்கள்.

ஐந்தாவது, குக்கி. வலைப்பக்கத்துக்கு இயல்பில் நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்தவர் யார் என்பதை மறந்துவிடும். இக்குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்பவர் ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை எழுதி நம் உலாவியிடம் கொடுத்து வைக்கும். மறுமுறை சென்றால் உலாவி அதைக் காட்டும். அதுவே குக்கி. வகுப்புத் தளம் உங்களை அடையாளம் காண அது தேவை. ஆனால் அப்பக்கத்தில் இடம் பிடித்த விளம்பரக்காரரும் தம் குறிப்பை வைக்க முடியும். பிறகு அவருடைய விளம்பரம் உள்ள தளங்களுக்கு நீங்கள் செல்லும்போதெல்லாம் அவர் பின்தொடர்வார். பயர்பாக்ஸும் சஃபாரியும் இந்த மூன்றாம் தரப்புக் குக்கியை இயல்பாகவே கட்டுப்படுத்துகின்றன. குரோமில் நாமே அமைப்புகளுக்குச் சென்று தடுக்க வேண்டும்.

இது வீண் அச்சம் அன்று. தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் உரிமைக்கு ஊறு விளைக்கும் வகையிலோ ஊறு விளைக்கக்கூடிய வகையிலோ அவர்களுடைய தகவல்களைக் கையாண்டன என்பது அதன் முடிவு. பாடம் படிக்கச் சென்ற குழந்தை விளம்பரச் சந்தையில் சரக்காகலாமா? நம் நாடாளுமன்றம் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டுதல் கூடாது என்றும் அது விதிக்கிறது. சட்டம் நமக்குத் துணை. ஆயினும் வேலிக்குப் பொறுப்பு ஊராருடையது என்றாலும், வாசற்கதவைச் சாத்துவது வீட்டாரின் வேலையன்றோ?

இன்னும் இரண்டு சொற்கள். தமிழில் எழுதக் கணினியைப் பழக்குங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. சில நாள் பயிற்சியில் கை பழகிவிடும். ஐயத்தைத் தாய்மொழியில் கேட்க முடிந்த மாணவன் வாய் மூடி இருக்கமாட்டான். அடுத்தது, வேண்டிய பாடங்களை முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளம் சூழ்ந்தது. புறநகரின் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்கலத்தில் எஞ்சிய சிறிது நேரத்திலும், சேமித்து வைத்த பாடம் படிக்கக் கிடைக்கும்.

மாணவர்களே, இவற்றையெல்லாம் யார் செய்வது? கடைக்காரர் அமைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்தபடி இருக்கும். அண்ணன் அமைத்தால் அவன் விருப்பப்படி இருக்கும். பெற்றோரை அருகில் அமர்த்திக்கொண்டு நீங்களே செய்யுங்கள். எந்த அனுமதியை யாருக்குக் கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள். காரணம் அறிந்து ஒரு பொத்தானை அழுத்துபவர் கணினிக்குத் தலைவர். அறியாமல் அழுத்துபவரை அக்கணினி ஆளும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.